பேறுகாலமும் சிசுவின் மூளையும்



இன்று மாலை நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் கேட்பதற்கு இனியதன்று. பிறந்த சிசுவின் மூளைக்கு நேரும் சேதத்தைப் பற்றியும், மருத்துவ வசதி குறைந்த நாடுகளில் அச்சேதம் மிகுதியாக நேர்வதற்குரிய காரணங்களைப் பற்றியும் சொல்ல வந்திருக்கிறேன். வைத்தியர்கள் தங்களுக்குள் கூடிப் பேசிக்கொள்ள வேண்டிய விஷயமல்லவா இது, பொதுமக்கள் நிறைந்த சபையில் இதற்கென்ன இடம் என்று உங்களில் சிலர் நினைக்கக்கூடும். ஆனால் இச்சேதத்தின் காரணங்களுட் பல, ஆஸ்பத்திரியின் மதில்களுக்கு வெளியே, நம் வீடுகளின் வழக்கங்களிலும், ஊர்களை இணைக்கும் சாலைகளிலும், அரசாங்கத்தின் வரவு செலவுத் திட்டங்களிலும் வேரூன்றியிருப்பதனாலேயே, இதனைப் பொதுமன்றத்தில் எடுத்துரைப்பது கடமையென்று கருதுகிறேன்.

முதலில் இச்சேதத்தின் இயல்பைச் சொல்லிவிடுகிறேன். நிறைமாதத்தில் பிறந்த குழந்தை ஒன்று, பிறந்தவுடன் வீறிட்டு அழாமல், கை கால் துவண்டு, நீலம் பாரித்துக் கிடக்கிறது. பல நிமிஷ முயற்சிக்குப் பிறகு மூச்சு வருகிறது. ஆயினும் சில மணி நேரத்திற்குள் வலிப்புக் காண்கிறது. மார்பில் சேர்த்தாலும் பால் சப்பத் திராணியில்லாமல், தொட்டாலும் தட்டினாலும் சரிவர விழிக்காத மயக்கத்தில் ஆழ்ந்துவிடுகிறது. 1976-இல் ஹார்வி சார்னட், மார்கரெட் சார்னட் என்ற இருவர் இந்நிலையை மூன்று படிகளாக வகுத்தனர். முதற்படியோடு நின்ற குழந்தைகளில் பெரும்பாலோர் தேறிவிடுகின்றனர். மூன்றாம் படியை எட்டியவர்களில் பெரும்பாலோர் இறந்துபடுகின்றனர், பிழைத்தவர்களும் கால்கள் விறைத்து, பார்வையோ செவியோ மங்கி, வலிப்பு விடாது தொடர, பேச்சும் நடையும் கைகூடாமல் வளர்கின்றனர். ஐந்து வயதுப் பிள்ளையை இடுப்பில் சுமந்துகொண்டு பஸ் ஏறி இறங்கும் தாய்மார்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அவர்களிற் பலருடைய துயரம் பிரசவ அறையிலேயே தொடங்கியது. 2010-ஆம் ஆண்டைப் பற்றிய ஒரு மதிப்பீட்டின்படி, பிரசவ சமயத்து இடையூறுகளால் மூளை பாதிக்கப்பட்ட சிசுக்கள் உலகெங்கும் ஏறத்தாழ 11.5 லட்சம், அவர்களில் 100-க்கு 96 பேர் ஏழ்மையான அல்லது நடுத்தர வருமானமுள்ள தேசங்களில் பிறந்தவர்கள்.

இச்சேதம் எப்பொழுது விளைகிறது என்பது நெடுநாள் விவாதத்திற்குரிய கேள்வி. 1861-இல் லண்டனில், மகப்பேற்று மருத்துவர்களின் சங்கத்தின் முன்பு, வில்லியம் ஜான் லிட்டில் என்னும் மருத்துவர், குழந்தைகளிடம் காணப்படும் கை கால் விறைப்புக்குக் கஷ்டப் பிரசவமும், குறைமாதப் பிறப்பும், பிறக்கும்போது மூச்சுத் தடைப்படுவதும் காரணமாகலாம் என்று விரிவாக எடுத்துரைத்தார். மனத்தத்துவ ஆராய்ச்சியால் பின்னாளில் புகழ்பெற்ற சிக்மண்ட் பிராய்டு, அப்போது நரம்பு மருத்துவராயிருந்தவர், 1897-இல் இதற்கொரு மறுப்பை எழுப்பினார்: பிரசவம் கஷ்டமானதே, கருவில் முன்னமே ஏற்பட்டிருந்த கோளாற்றின் அறிகுறியாக ஏன் இருத்தல் கூடாது என்று அவர் வினவினார். சேதம் பிரசவத்திற்கு முன்பா, பிரசவத்தின் போதா என்னும் இவ்வினாவுக்கு உலகம் முழுவதற்கும் பொருந்தும் ஒரே விடை இல்லை. தேசத்திற்குத் தேசம் விடை மாறுகிறது. அப்படி மாறுவதிலேதான் நாம் அறிய வேண்டிய உண்மை அடங்கியிருக்கிறது.

இரண்டு ஆராய்ச்சிகளை ஒன்றன்பின் ஒன்றாக உங்கள் முன் வைக்கிறேன். முதலாவது, செல்வச் செழிப்புள்ள மேற்கு ஆஸ்திரேலியாவில் செய்யப்பட்டு 1998-இல் வெளிவந்தது. அங்கே இந்நோய்க்கு ஆளான 164 குழந்தைகளை ஆராய்ந்தபோது, 69 சதவீதத்தினரிடம் பிரசவத்திற்கு முற்பட்ட காரணங்கள் மாத்திரமே காணப்பட்டன. பிரசவ நேரத்துக் காரணங்கள் மாத்திரமே உடையவர்கள் 5 சதவீதம். பிராய்டின் ஐயம் அந்நாட்டளவில் நியாயமானதே என்று சொல்லத் தோன்றுகிறது. இரண்டாவது, நேபாளத்தின் தலைநகரான காட்மாண்டுவில் உள்ள தலைமைப் பிரசவ ஆஸ்பத்திரியில், மாத்யூ எல்லிஸ் என்பவரும் அவருடைய நேபாளத் தோழர்களும் செய்து 2000-ஆம் ஆண்டில் வெளியிட்டது. பதினெட்டு மாதங்களில் அங்கே பிறந்த 21,609 குழந்தைகளில் 131 பேருக்கு இந்நோய் கண்டது. அவர்களில் 31 சதவீதத்தினர் இறந்தனர். பாதிக்கப்பட்ட குழந்தைகளில் 60 சதவீதத்தினரிடம் பிரசவ நேரத்தில் இடையூறு நேர்ந்ததற்கான தடயம் இருந்தது. நலமாகப் பிறந்த குழந்தைகளை ஒப்பிட்டுப் பார்த்தபோது அத்தடயம் 6 சதவீதத்தினரிடமே காணப்பட்டது.

இவ்விரு கணக்குகளையும் அருகருகே வைத்து நோக்குங்கள். பிரசவ நேரத்துக் கவனிப்புக் குறைவற்ற நாட்டில் எஞ்சி நிற்பவை, மருத்துவ சாஸ்திரம் இன்னும் முற்றிலும் அறியாத கர்ப்பகாலக் காரணங்கள். கவனிப்புக் குறைந்த இடத்திலோ, அறிந்த காரணங்களாலேயே, தடுக்கத்தக்க காரணங்களாலேயே, குழந்தைகள் சேதமடைகின்றன. ஆகவே இத்துயரத்தை விதியென்றோ, பூர்வ கர்மமென்றோ, தாயின் துரதிருஷ்டமென்றோ சொல்லி ஆறுதல் தேடுவது நமக்குத் தகாது. என்னுடைய இன்றைய பேச்சின் சாரம் இதுவே: வறிய நாடுகளில் சிசுவின் மூளைக்கு வரும் ஆபத்தின் பெரும்பகுதி, வலி கண்டது முதல் பிறந்த சில தினங்கள் வரையிலான குறுகிய காலத்தில் குவிந்து கிடக்கிறது, அக்காலத்தில் கண்ணும் காதும் கையும் விழித்திருக்கும் ஒருவர் தாயின் பக்கத்தில் இருப்பாரேயானால், அந்த ஆபத்தில் பெரும் பாகம் நீங்கிவிடும்.

இனி அந்தக் காரணங்களை வரிசையாக நோக்குவோம். காட்மாண்டு ஆராய்ச்சியில், உயரம் குறைந்த தாய்மாரின் குழந்தைகளுக்கு அபாயம் கூடியிருந்தது. தாயின் உயரமென்பது அவள் சிறுமியாயிருந்த காலத்தில் உண்ட உணவின் கணக்கு. வளராத பெண்ணின் இடுப்பெலும்பு குறுகிப்போக, ஒரு தலைமுறையின் பசி அடுத்த தலைமுறையின் தலைமேல் அழுந்துகிறது. ரத்தச்சோகை கடுமையாயிருந்த தாய்மாருக்கு அபாயம் இரண்டரை மடங்கு. தைராய்டு குறைபாட்டின் சாயல் தெரிந்தவர்களுக்கு இரண்டு மடங்கு. தைராய்டுக்கு வேண்டிய அயோடினின் குறைவு இமயமலைச் சாரலில் பழைய வியாதி. நம் நாட்டின் காங்க்ரா பள்ளத்தாக்கில் 1956-இல் ராமலிங்கசுவாமி என்னும் மருத்துவர் தொடங்கிய ஆய்வு, அயோடின் சேர்த்த உப்பினால் அதனைத் தடுக்கலாமென்று ஐயத்திற்கிடமின்றிக் காட்டியது. கர்ப்பகாலப் பரிசோதனைக்கு வராதவர்களுக்கும், தலைப்பிரசவக்காரிகளுக்கும் அபாயம் ஏறத்தாழ இரட்டித்தது. தலை கீழ்நோக்கி வராத குழந்தைகளுக்கு மூன்று மடங்குக்கு மேல். இரட்டைப் பிள்ளைகளுக்கோ இருபது மடங்குக்கும் மேல். இவற்றில் எதுவும் பிரசவ தினத்தன்று திடீரென்று முளைப்பதன்று. வயிற்றில் கை வைத்துப் பார்க்கவும், ரத்தத்தைச் சோதிக்கவும் தெரிந்த ஒரு செவிலியர் சில மாதங்களுக்கு முன்பே கண்டுவிடக் கூடியவை.

ஆனால் எல்லாவற்றினும் மேலாக நான் தங்கிப் பேச விரும்புவது வலி கண்ட நேரத்தைப் பற்றி. கர்ப்பப்பை ஒவ்வொரு முறை இறுகும்போதும், நச்சுக்கொடிக்குச் செல்லும் ரத்தம் சற்று நேரம் தடைப்படுகிறது; தளரும்போது மீண்டும் பாய்கிறது. இறுக்கத்தில் பிராணவாயு குன்றுவதும் தளர்ச்சியில் நிரம்புவதுமாகிய இந்தக் கிரமத்தைத் தாங்கும் வலிமையுடனேயே நலமுள்ள குழந்தை பிறப்பை நோக்கி வருகிறது. தாயின் வயிற்றின்மீது உள்ளங்கையை வைத்துப் பார்க்கும் மருத்துவச்சிக்கு இது தெளிவாகத் தெரியும்: மேடு கல்லாகக் கெட்டிப்படுகிறது, பின்பு மெல்ல மெல்ல இளகுகிறது, இளகிய நிலையில் சிறிது நேரம் நிற்கிறது. பத்து நிமிஷத்தில் மூன்று அல்லது நான்கு முறை இவ்வாறு நிகழ்ந்தால் குற்றமில்லை. ஐந்துக்கு மேற்பட்டு, இடையே வயிறு இளகாமலேயே அடுத்த இறுக்கம் வந்துவிட்டால், உள்ளே இருக்கும் குழந்தைக்கு மூச்சு வாங்க அவகாசம் இல்லை.

அந்த அவகாசத்தைப் பறிக்கும் கருவியாக, வலியைத் தூண்டும் ஆக்ஸிடோசின் என்னும் மருந்து மாறிவிடும் அபாயத்தை நாம் உணர வேண்டும். தகுந்த கண்காணிப்பில், சொட்டுச் சொட்டாக அளந்து கொடுக்கப்படும்போது அது உயிர் காக்கும் மருந்து. பிரசவித்த பின் தாய்க்கு உதிரம் பெருகாமல் தடுப்பதில் அதற்கு இணையான மருந்து அரிது. குழந்தையின் இதயத் துடிப்பைக் கேட்க ஆளில்லாத இடத்தில், பிரசவம் சீக்கிரம் முடியட்டும் என்று அதனைச் செலுத்தினால், இறுக்கத்தின்மேல் இறுக்கம் வந்து பிராணவாயுவைத் துண்டித்துவிடும். காட்மாண்டுவில், ஆக்ஸிடோசினால் வலி தூண்டப்பட்ட பிரசவங்களில் அபாயம் ஐந்து மடங்குக்கும் மேலாக இருந்தது. தெற்காசியாவின் பல கிராமங்களில் வீட்டுக்கே வந்து வலி ஊசியைத் தசையிற் போட்டுவிட்டுப் போகும் வழக்கம் இருந்து வந்திருக்கிறது. தசையிற் போட்ட மருந்தைத் திரும்ப எடுக்கவும் முடியாது, அளவைக் குறைக்கவும் முடியாது. வேதனையைக் காணச் சகியாமல், ஓர் ஊசி போட்டு முடித்துவிடுங்களேன் என்று மன்றாடும் மாமியார்மாரையும் மாமன்மாரையும் நான் குறை கூறவில்லை. அவர்களுடைய அன்பு கேட்பது ஒன்று, குழந்தைக்கு வேண்டுவது மற்றொன்று என்பதை அவர்களுக்கு முன்கூட்டியே எடுத்துச் சொல்லாத நம்மையே குறை கூறுகிறேன்.

நீடித்த பிரசவத்தைக் காலத்தில் கண்டுபிடிப்பதற்குப் பெரிய யந்திரம் எதுவும் வேண்டியதில்லை. இன்று ஹராரே என்றும் அன்று சாலிஸ்பரி என்றும் வழங்கிய ஆப்பிரிக்க நகரத்தில், பில்பாட், காசில் என்ற இரு மருத்துவர்கள் 1972-இல் ஒரு காகிதத் தாளை வடிவமைத்து வெளியிட்டனர். கர்ப்பப்பையின் வாய் எத்தனை சென்டிமீட்டர் திறந்திருக்கிறது என்பதை மணிக்கணக்கோடு புள்ளியிட்டு வர வேண்டும். அப்புள்ளிகள் எச்சரிக்கைக் கோட்டைத் தாண்டினால், தொலைவிலுள்ள சிறு நிலையத்து மருத்துவச்சி தாயைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும். அதற்கு நான்கு மணி நேரம் வலப்புறமாக மற்றொரு கோடு, அதற்குள் சிகிச்சையின் முடிவு எடுக்கப்பட்டாக வேண்டும். வண்டி கிடைக்கவும் வழி கடக்கவும் ஆகும் நேரத்தை மனத்திற்கொண்டு வரையப்பட்டவை அந்தக் கோடுகள். உலக சுகாதார நிறுவனம் இந்தோனேசியா, மலேசியா, தாய்லாந்து ஆகிய தேசங்களில் செய்து 1994-இல் வெளியிட்ட பெரிய சோதனையில், இத்தாளைக் கிரமமாகப் பயன்படுத்தியபின், அளவு மீறி நீண்ட பிரசவங்கள் 6.4 சதவீதத்திலிருந்து 3.4 ஆகவும், ஆக்ஸிடோசின் செலுத்துவது 20.7 சதவீதத்திலிருந்து 9.1 ஆகவும் குறைந்தன. எல்லாப் பெண்களும் ஒரே வேகத்தில் பிரசவிப்பதில்லை என்பது பின்னர் தெளிவானமையால், 2020-இல் அத்தாள் திருத்தி அமைக்கப்பட்டது. எனினும், தாயை விட்டு அகலாது பார்த்துக் குறித்து வருதல் என்னும் அதன் உயிர் மாறவில்லை.

அதே 1994-இல் செரீன் தாடியஸ், டெபோரா மெயின் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள், தாய்மாரின் மரணத்தைப் பற்றி எழுதுகையில் மூன்று தாமதங்களைச் சுட்டினர்: போவதா வேண்டாமா என்று வீட்டில் தீர்மானிப்பதில் தாமதம், ஆஸ்பத்திரியை அடைவதில் தாமதம், அடைந்த பிறகு சிகிச்சை கிடைப்பதில் தாமதம். சிசுவின் மூளைக்கும் இம்மூன்றும் அப்படியே பொருந்தும். பனிக்குடம் உடைந்து நெடுநேரம் ஆகியும் காத்திருப்பது, நல்ல நேரம் பார்ப்பது, மழையில் அறுந்த பாலம், நள்ளிரவில் அறுவை அரங்கின் சாவி யாரிடம் என்று தேடுவது ஆகிய ஒவ்வொன்றும் குழந்தையின் பிராணவாயுவிலிருந்து கழிக்கப்படும் நிமிஷங்கள்.

குழந்தை வெளிவந்த பிறகு எஞ்சுவது ஒரு நிமிஷம். அழாத குழந்தையை உலர்ந்த துணியால் துடைத்து, முதுகை நீவி, அப்போதும் மூச்சு வராவிட்டால் மூக்கையும் வாயையும் மூடும் சிறு முகமூடியைப் பொருத்தி, காற்றை உட்செலுத்தும் ஆம்பு பையை அழுத்தி மார்பு எழும்புகிறதா என்று பார்க்க வேண்டும்; சாதாரணக் காற்றே பெரும்பாலான குழந்தைகளுக்குப் போதும். பையை எங்கே வைத்தோம் என்று தேடுவதிலும், தலைகீழாகப் பிடித்துத் தட்டுவதிலும் அந்த நிமிஷம் கழிந்துவிடலாகாது. இப்பயிற்சியை எளிமைப்படுத்தி 2010 முதல் பல தேசங்களில் கற்பித்து வருகின்றனர். காட்மாண்டுவின் அதே தலைமைப் பிரசவ ஆஸ்பத்திரியில் இப்பயிற்சியும், அது மறந்துபோகாமல் நாள்தோறும் பழகும் ஏற்பாடும் செய்யப்பட்டன. 2016-இல் வெளியான கணக்கின்படி, பிரசவ வேளையில் உயிரிழந்து பிறப்பவை ஆயிரத்திற்கு 9.0 என்பதிலிருந்து 3.2 ஆகவும், முதல் நாள் மரணம் ஆயிரத்திற்கு 5.2 என்பதிலிருந்து 1.9 ஆகவும் தாழ்ந்தன. துன்பத்தின் கணக்கை உலகுக்குச் சொன்ன அந்த ஆஸ்பத்திரியே அது குறைந்த கணக்கையும் சொன்னதென்பது நமக்கு ஊக்கமளிக்கும் செய்தி.

பிறந்த பின்னும் அபாயம் ஓய்வதில்லை. மூளை சர்க்கரையை உண்டு வாழும் அவயவம். பால் தாமதமானால், குறிப்பாக எடை குறைந்த குழந்தைக்கு, ரத்தத்தில் சர்க்கரை தாழ்ந்து, பார்வைக்கு ஆதாரமான மூளையின் பிற்பகுதி வாடிப்போகிறது. நம் நாட்டுக் குழந்தைகளுக்கு முதல் வயதில் வரும் வலிப்பு நோய்களுக்கு இது ஒரு முக்கியமான காரணம். சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டிவிட்டுச் சேனை தொட்டு வைக்கும் வழக்கம் நம் தமிழ்நாட்டிலும் இன்னும் முற்றாக ஒழியவில்லை. முதல் மணி நேரத்திலேயே மார்பில் சேர்ப்பதைவிடச் சிறந்த சடங்கு வேறில்லை.

காமாலையும் அவ்வாறே. ரத்தத்தில் பிலிரூபின் என்னும் மஞ்சட்பொருள் மிகுந்தால் அது மூளையினுட் சென்று படிந்து, செவிட்டுத்தன்மையையும், தம் வசமின்றி முறுக்கிக்கொள்ளும் உடலசைவுகளையும் விளைவிக்கும். இதற்குரிய ஒளிச் சிகிச்சை பிறந்த விதம் அறியத்தக்கது. 1956-இல் இங்கிலாந்தின் ராச்போர்டு ஆஸ்பத்திரியில், குழந்தைகளை வெயிலில் கொண்டு காட்டும் பழக்கமுடைய வார்டு என்னும் தாதி, ஒரு குறைமாதக் குழந்தையின் மேனியெங்கும் மஞ்சள் வெளுத்திருக்க, ஒரு முக்கோண வடிவில் மாத்திரம் அடர்ந்திருப்பதை மருத்துவர்களுக்குக் காட்டினார். துணியின் முனை மறைத்திருந்த இடம் அது. இரண்டாண்டுகளில், 1958-இல், அந்த ஆஸ்பத்திரியின் மருத்துவர் கிரீமரும் தோழர்களும் விளக்கொளியால் சிகிச்சை செய்யும் முறையை வெளியிட்டனர். மின்சாரம் நிலையில்லாத நைஜீரியாவின் லாகோஸ் நகரில், வெப்பத்தையும் புற ஊதாக் கதிரையும் வடிகட்டும் மெல்லிய தாள் வேய்ந்த பந்தலின் கீழ் வெயிலையே மருந்தாக்கலாம் என்பது 2015-இல் மெய்ப்பிக்கப்பட்டது. வடிகட்டாத இளவெயிலில் சிறிது நேரம் காட்டிவிட்டு அதுவே சிகிச்சையென்று எண்ணி வீட்டிலிருந்துவிடுதல் கூடாது. உள்ளங்கால் மஞ்சளித்த குழந்தை அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். அந்துருண்டை போட்ட பெட்டித் துணியைப் பச்சைக் குழந்தைக்குச் சுற்றுவதும் வேண்டா; சில குழந்தைகளின் ரத்த அணுக்கள் அதன் நெடியால் சிதைந்து காமாலை முற்றும்.

கடைசியாக ஒன்று. சேதம் நேர்ந்துவிட்ட பிறகு நவீன வைத்தியம் காப்பாற்றாதா என்று கேட்பீர்கள். மூச்சுத் திணறிய மூளையின் சேதம் நீறு பூத்த நெருப்பு. சில மணி நேரம் தேறியதுபோலத் தோற்றம் காட்டிவிட்டுப் பின்பு மூண்டெழும். அதனை அடக்க, பிறந்த ஆறு மணி நேரத்திற்குள் தொடங்கி 72 மணி நேரம் குழந்தையின் உடலைச் சுமார் 33.5 பாகை செல்சியஸுக்குக் குளிர்விக்கும் முறை செல்வ நாடுகளில் நற்பயன் தந்து நிலைபெற்றிருக்கிறது. இந்தியா, இலங்கை, வங்காளதேசம் ஆகிய நாடுகளின் ஏழு பெரிய ஆஸ்பத்திரிகளில் 408 குழந்தைகளிடம் இதைச் சோதித்து 2021-இல் முடிவை வெளியிட்டார்கள். குளிர்விக்கப்பட்ட குழந்தைகளில் 42 சதவீதத்தினரும், வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் 31 சதவீதத்தினரும் இறந்திருந்தனர். ஓரிடத்தில் உயிர் காத்த முறை மற்றோரிடத்தில் காக்கவில்லை. நம் பகுதிக் குழந்தைகளுக்குச் சேதம் பிறப்பதற்கு நெடுநேரம் முன்பே தொடங்கிவிடுகிறதோ என்று ஆராய்ச்சியாளர்கள் ஐயுறுகிறார்கள். எப்படியாயினும், விலையுயர்ந்த உபகரணத்தை இறக்குமதி செய்து, பிரசவ அறையில் விட்டதைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் பிடித்துவிடலாம் என்ற நம்பிக்கைக்கு அச்சோதனை இடம் வைக்கவில்லை.

ஆகையால் நாம் கேட்க வேண்டியவற்றைத் தெளிவாகக் கேட்போம். பெண் குழந்தைக்கு வயிறாரச் சோறும், கர்ப்பிணிக்கு இரும்புச்சத்தும் அயோடின் உப்பும் கிடைக்க வேண்டும். வலி கண்ட தாயொருத்தியைத் தனியே விடாத அளவுக்குப் பிரசவ அறைகளில் பயிற்சி பெற்ற செவிலியர்கள் இருக்க வேண்டும். ஒருவரே பலரைப் பார்க்கும் இரவுப் பணியில் எந்தத் திறமையும் பயன்படாது. குழந்தையின் துடிப்பைக் கேளாமல் வலி ஊசி போடுவது எங்கும் நிகழக்கூடாது. ஒவ்வொரு பிரசவ மேசையின் அருகிலும் ஆம்பு பையும், அதைப் பழகிய கையும் இருத்தல் வேண்டும். சர்க்கரையும் காமாலையும் பார்க்கும் வசதி தாலுகா ஆஸ்பத்திரியிலேயே அமைய வேண்டும். இப்பட்டியலில் உள்ள எதுவும் நம் சக்திக்கு அப்பாற்பட்டதன்று. ஆஸ்பத்திரிக்கு ஒரு புதிய கட்டடம் திறக்கப்படும்போது கைதட்டும் நாம், அக்கட்டடத்தில் இரவு இரண்டு மணிக்குத் தாயின் பக்கத்தில் நிற்பவர் எத்தனை பேர் என்று கேட்கப் பழகுவோமானால், அந்தக் கேள்வியே ஆயிரக்கணக்கான குழந்தைகளின் அறிவையும் நடையையும் பேச்சையும் காப்பாற்றித் தரும். அதைக் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. விடை கிடைக்கும் வரை கேட்டுக்கொண்டே இருப்பது உங்கள் கடமை.